சேலை கட்டிய வேப்பமரம்

பக்கத்து வீட்டுக்காரனின் வேப்பமரத்துக்கு என் வீட்டின் மேல் அப்படி ஒரு பாசம். வேர் அவன் கொல்லையில், கொப்பெல்லாம் என் கூரைக்கு மேலே. ஒரு ஆடிக்காற்றில் கொப்பு முறிந்து, சிமெண்ட் ஷீட்டை உடைத்துக்கொண்டு பேரனின் தொட்டிலுக்குப் பக்கத்தில் விழுந்தது. மிச்சக் கொப்புகளை வெட்டச் சொன்னேன்.

"காத்து ஒடிச்சதுக்கு நான் என்னக்கா பண்ணுவேன்? காத்து மேல கேஸ் போடுங்க."

காற்றுக்கு விலாசம் கிடைக்காததால் அவன் மேல் போட்டேன்.

கோர்ட்டுக்கு அவசரம் என்றால் என்னவென்றே தெரியாது. தொட்டிலில் கிடந்தவன் யூனிஃபார்ம் மாட்டிப் பள்ளிக்கூடம் போன பிறகு தீர்ப்பு வந்தது. என் பக்கம் நீண்ட கொப்புகளை வெட்டலாமாம். உத்தரவை நிறைவேற்ற கோர்ட் அமீனா வந்தார். அன்னவாசலிலிருந்து மரம் வெட்டுகிறவர் வந்தார். கொல்லைக்குப் போனால், மரம் மஞ்சள் சேலை கட்டி நிற்கிறது. குங்குமம், அடியில் சூலம், சூலத்தில் எலுமிச்சம்பழம். கடைக்காரன் சேலையில் ஒட்டிய விலைச்சீட்டைக்கூட அவன் உரிக்கவில்லை.

"ஆத்தா குடியிருக்குறா. நான் புள்ளகுட்டிக்காரன்ங்க, வாரேன்" என்று மரம் வெட்டுகிறவர் கிளம்பினார். அமீனா செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சட்டம் சாமி கும்பிட்டுவிட்டு பஸ் ஏறியது.

"நேத்து வரைக்கும் நீ ஆடு கட்டுன மரம்டா இது!"

"ராத்திரி கனவுல வந்து சொன்னாக்கா."

"கோர்ட்டு தேதி பாத்தா வந்தா ஒங்க ஆத்தா?"

அவன் சூடம் கொளுத்தினான்.

தெருப் பெண்கள் வெள்ளிக்கிழமைதோறும் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். கொப்பு இன்னும் கொழுத்தது. போன வருஷம் அவன் மகன் சிங்கப்பூரிலிருந்து வந்து, வீட்டைக் கொல்லைவரை இழுத்து மாடி கட்டவேண்டும் என்றான். மரம் குறுக்கே நின்றது. அப்பன் சேலையை அவிழ்க்கப் போனான். "கை வச்சுப் பாரு" என்று தெருவே திரண்டது.

அன்று சாயங்காலம் என்னிடம் வந்தான், குரலைத் தாழ்த்திக்கொண்டு.

"அக்கா, மரத்தையே எடுக்கணும்னு இன்னொரு கேஸ் போடுங்களேன். நான் தோத்துத் தாரேன்."

"எதுக்கு கேஸு? ஆத்தாகிட்டயே கேளு. ஒன் கனவுலதான் வருவாளே."

வேறு வழியில்லாமல் பூக்கட்டிப் பார்த்தான். வெள்ளைப் பூ என்றால் வெட்டலாம், சிவப்பு என்றால் கூடாது. எதிர்வீட்டுப் பெண் எடுத்த பொட்டலத்தைப் பிரித்தால் சிவப்பு. பெண்கள் குலவையிட்டார்கள். அவன் முகத்தைப் பார்த்து நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்துத்தான் அண்ணாந்து பார்த்தேன். அதே கொப்பு, என் ஷீட்டுக்கு மேலே.

வழக்கில் ஜெயித்தவள் நான். காற்று கிளம்பினால் பேரனை இழுத்துக்கொண்டு தோற்றவன் வீட்டுக்குத்தான் ஓடுகிறேன். அவனுடையது கான்கிரீட். "வாங்கக்கா" என்று நாற்காலி போடுகிறான், வெட்கங்கெட்டவன். நானும் உட்காருகிறேன்.