சக்கரம் வைத்த புல் மெஷின்

தோட்ட வேலையிலிருந்து நின்ற நாகலெட்சுமிக்குச் சேமலாபப் பணம் கைக்கு வந்த வாரம், அவள் கணவர் பழனியாண்டி மூன்று தடவை நுவரெலியா டவுனுக்குப் போய்வந்தார். முப்பது வருஷம் அக்கரப்பத்தனை மலையில் தேயிலைக் கொழுந்து பறித்து முழங்கால் தேய்ந்துபோனவள் அவள். அந்தப் பணத்தில் ஒரு தொழில் தொடங்கி, இனி அவளை மலையேற விடாமல் உட்காரவைத்துச் சோறு போட வேண்டும் என்பது அவர் நினைப்பு. கெஸ்ட் ஹவுஸ்களில் புல் வெட்டுகிற வேலை அவருக்கு அத்துப்படி. ஆறு வருஷமாக இன்னொருவரின் மெஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு நாள் சம்பளத்துக்கு வெட்டியவர்தானே.

கடையில் இரண்டு விதம் காட்டினார்கள். தோளில் மாட்டுவது நாற்பதாயிரம். சக்கரம் வைத்துத் தள்ளிக்கொண்டு போவது ஒன்றரை லட்சம்.

"தோள்ல மாட்டுறதே வாங்கிக்கலாங்க. மிச்சம் கையில இருக்கும்," என்றாள் நாகலெட்சுமி.

"நீ சும்மா இரு நாகு. அத மாட்டிக்கிட்டுப் போனா கேட்டுலயே நிக்க வச்சு, கூலி எவ்வளவுன்னு கேப்பான். தொர பங்களாவுல எந்த மெஷினு ஓடுச்சு? தள்ளுறதுதானே? அதக் கொண்டுபோனாத்தான் மொதலாளின்னு கூப்பிடுவான்."

"கூப்பிட்டா வயிறு ரொம்பிருமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். பழனியாண்டிக்கு ரோஷம் வந்துவிட்டது. தள்ளுகிற மெஷினையே வாங்கினார். பெட்ரோல் கேன், பூட்ஸ், அதை ஏற்றிப்போக ஆட்டோ என்று மிச்சமும் கரைந்தது.

இந்த மலையில் சமதரை யாரிடம் இருக்கிறது? மேட்டில் தள்ளினால் மெஷின் வழுக்கி அவர் மேலேயே வந்தது. படி ஓரம், வேலி ஓரம் எதற்கும் அது நுழையவில்லை. "தோள் மெஷின் இருந்தா வாங்கண்ணே" என்று ஒவ்வொரு வீட்டிலும் திருப்பி அனுப்பினார்கள். கடைசியில், தட்டையான புல்வெளி உள்ள ஒரே ஒரு கெஸ்ட் ஹவுஸ் மாதச் சம்பளத்துக்குக் கிடைத்தது.

ஜனவரியில் அங்கே ஒரு கல்யாண வரவேற்பு. நாலு நாள் முன்னதாகப் புல்லை வெட்டிவிடும்படி மேனேஜர் கிறிஸ்டியன் சொன்னார். பழனியாண்டி, விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் தோட்டத்துப் பெரட்டு நேரத்துக்குப் பழகிய ஆள். ஏழு மணிக்கு முன்பே போய் நின்றார். புல்லெங்கும் உறைபனி, சீனி தூவினாற்போல். வெயில் வரட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. பனியில் கொழுந்து கருகும் என்று தெரியும். உறைந்த புல்லை மிதித்தால் அதுவும் கருகும் என்பது தெரியாது. முன்பு அவரை வேலைக்கு வைத்திருந்த மெஷின்காரர் ஒன்பது மணிக்கு முன் எழும்பியதே இல்லை. அதனால் ஆறு வருஷத்தில் அது தெரியவும் வரவில்லை.

கல்யாணத்தன்று சக்கரத் தடமும் பூட்ஸ் தடமும் வரிவரியாய்க் கறுத்துக் கிடந்தன.

"என்னண்ணே, புல்லுல ரயில் ரோடு போட்டு வச்சிருக்கீங்க?" கிறிஸ்டியன் கத்தவில்லை. "அடுத்த மாசம் வேற ஆளப் பாத்துக்கிறோம். கோவிச்சுக்காதீங்க."

கடைக்காரர் அந்த மெஷினை ஐம்பதாயிரத்துக்குத் திருப்பி எடுத்தார். அதில் தோள் மெஷின் ஒன்று வந்தது. வேலையும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. ஆனால் இரண்டு வயிற்றுக்கு அது போதவில்லை.

ஒரு காலை நாகலெட்சுமி கொழுந்து பறிக்கப் போகையில் கட்டும் படங்குச் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"தோட்டத்துல கைக்காசுக்கு ஆள் எடுக்குறாங்க. பறிச்ச கிலோவுக்குக் காசு. பக்கத்து வீட்டு ராக்காயியும் வாறா."

"முழங்கால்?"

"ஏறுறப்ப ஒண்ணும் தெரியாது. எறங்குறப்பதான்."

"நாகு, அன்னைக்கே நீ சொன்னத நான்…"

"நேரமாச்சுங்க. சோறு சட்டியில இருக்கு."

அவள் தொடையில் கையை ஊன்றி ஊன்றி மலைப்படியில் ஏறுவதை அவர் லயத்து வீட்டு வாசலில் நின்று பார்த்தார். கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிட்டு என்ன சொல்வது?