வாளிக்குள் சுற்றிய ஆர்கன்

மேலப்பாளையம் பஜாரில் மோட்டார் காயில் கட்டும் சிராஜுதீனுக்குத் தன் காதின் மேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமில்லை. ஓடுகிற மின்விசிறியைத் தெருவில் நின்று கேட்டே எந்தப் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். சொன்னது சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் மற்றவர்களுக்கு எரிச்சல். பகலில் கடை. முகூர்த்த நாளிலும் கோயில் கொடையிலும் சிவசண்முகம் அண்ணாச்சியின் மெல்லிசைக் குழுவில் கீபோர்டு. பதினைந்து வயதில் தர்கா கந்தூரிக் கச்சேரியில் ஆர்மோனியம் பிடித்த கை, தொண்ணூற்று நான்கில், முப்பத்தெட்டு வயதில், பாளையங்கோட்டை வட்டாரத்திலேயே பேர் வாங்கியிருந்தது. அந்தப் பேரில் பாதி அவருடைய விரலுக்கு, மீதி அவரிடமிருந்த பழைய சிந்தசைசருக்கு.

அதை அனுப்பியவர் மச்சான் முகம்மது மைதீன், மனைவி ஹம்னாவின் அண்ணன். துபாயில் ஒரு ஹோட்டல் தன் வாத்தியங்களைக் கழித்துக்கட்டியபோது வாங்கி, கம்பளிக்குள் சுருட்டி எண்பத்து நான்கில் அனுப்பினார். பொத்தானை அமுக்கினால் வயலின், இன்னொன்றை அமுக்கினால் புல்லாங்குழல் என்று வருகிற சாதனம் இல்லை அது. முகப்பு முழுக்கத் திருகுகள். எந்த ஓசை வேண்டுமானாலும் திருகித் திருகி நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டும். கூடவே ஒரு ராக் இசைக் கேசட்டும் வந்தது. அதில் ஒரு பாட்டில், ஆர்மோனியத்துக்குப் பெரியண்ணன் மாதிரியான ஆர்கன் உறுமும். சிராஜ் அந்த உறுமலில் சொக்கிப்போனார்.

இரண்டே மாதத்தில் அதைத் தன் சிந்தசைசர் பெட்டிக்குள் கொண்டுவந்துவிட்டார். ஒரு ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தையும் சேர்த்து அடுக்கினார். கட்டையைத் தொட்டதும் ‘டக்’ என்று ஒலி பிறக்கும்படி வைத்தார். வீட்டில் கிடந்த வால்வு ரேடியோ வழியாக அதைச் செலுத்தித் தொண்டையைக் கரகரக்கச் செய்தார். உறுமல் வந்துவிட்டது. ஒன்றே ஒன்றை மட்டும் வேண்டுமென்றே விட்டுவிட்டார். கேசட்டில் அந்த ஆர்கன் நடுநடுவே நடுங்கியது. நடுங்கி, வேகமெடுத்து, கிறுகிறுவென்று சுழன்றது.

“டேப் இழுக்கு” என்றார் சிராஜ். மேலப்பாளையத்து வெயிலில் எந்த வீட்டுக் கேசட்தான் இழுக்கவில்லை? கல்யாண வீட்டுப் பாட்டு முதற்கொண்டு அங்கே எல்லாமே நடுங்கித்தான் பாடும். ஆகவே அந்த நடுக்கத்தைத் துடைத்துவிட்டு, அப்பழுக்கில்லாமல், அசையாமல், பத்து வருஷம் வாசித்தார். அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்: “கேசட்ல உள்ள கோளாறையும் சேத்து வாசிக்கதுக்கு நான் என்ன கிறுக்கனா?”

அந்த வருஷம் ஒரு பொறியியல் கல்லூரி விழாவுக்குக் குழுவை அழைத்திருந்தார்கள். தமிழ்ப் பாட்டுகளோடு இந்த ராக் பாட்டும் வேண்டும் என்று மாணவர்கள் ஒற்றைக்காலில் நின்றார்கள். சிராஜுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி. ஒத்திகை பார்க்க மாணவர் சார்பில் பிருந்தா என்ற பெண் வந்தாள். சிராஜ் வாசித்து முடித்து, பாராட்டுக்குத் தயாராக நிமிர்ந்தார்.

“நல்லாருக்குண்ணே. ஆனா ஆர்கன் சுத்தவே மாட்டேங்குதே?”

“சுத்துததா? அது டேப் இழுத்ததும்மா.”

பிருந்தா பையிலிருந்து தன் கேசட்டை எடுத்தாள். சித்தப்பா போன மாதம் மெட்ராஸில் வாங்கிக் கொடுத்தது, புத்தம் புதுசு. போட்டாள். அதே இடத்தில், அதே வேகத்தில் ஆர்கன் நடுங்கிச் சுழன்றது. மெட்ராஸ் கேசட்டும் மேலப்பாளையத்துக் கேசட்டும் பேசிவைத்துக்கொண்டா இழுக்கும்?

சிவசண்முகம் அண்ணாச்சி நல்ல மனுஷர்தான், ஆனால் பேச்சில் வெண்ணெய் தடவத் தெரியாதவர். “இங்க பாரும்வே. மதுரைல சிவகணேஷ்னு ஒருத்தரு புது கீபோர்டு வச்சிருக்காரு. பொத்தான அமுக்குனா இந்தச் சத்தம் வருதாம். சனிக்கெழம விழா. அதுக்குள்ள ஒம்ம பெட்டில அது வரணும். வரலன்னா அன்னைக்கு ஒம்ம நாற்காலில அவருதான். அதுக்கு அப்புறமும் அவருதான்.”

“வரும் அண்ணாச்சி. சனிக்கெழம கேளுங்க” என்றார் சிராஜ், கண்ணை இமைக்காமல்.

சொல்லிவிட்டாரே தவிர, வழி தெரியவில்லை. நாற்காலி போய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். பத்து வருஷமாக ஊரெல்லாம் அளந்துவிட்டோமே என்ற வெட்கம் இன்னொரு பக்கம். வீட்டில் உட்கார்ந்து, பெட்டியில் நடுக்கத்துக்கென்றே இருந்த திருகைத் திருப்பினார். ஓசை நடுங்கியது.

“என்னங்க, பக்ரீதுக்கு இப்பமே ஆடு வாங்கியாச்சா?” என்று அடுக்களையிலிருந்து ஹம்னா கேட்டாள்.

அவள் கேட்டதில் தப்பே இல்லை, ஆடேதான். இரண்டு நாள் திருகியும் ஆடு ஆர்கனாகவில்லை.

புதன்கிழமை பகலில் கடையில், காயில் கட்டி முடித்த சீலிங் ஃபேன் ஒன்றை இரும்புச் சட்டத்தில் இடுப்பளவு உயரத்தில் தொங்கவிட்டு ஓட்டிப் பார்த்தார். கீழே தரையில் ரேடியோ செய்தி வாசித்துக்கொண்டிருந்தது. இறக்கைகள் சுற்றச் சுற்ற, செய்தி வாசிப்பவரின் குரல் நறுக்கி நறுக்கிச் சுழன்று வந்தது. தினமும் கேட்கிற சத்தம். ஆயிரம் விசிறிக்கு அடியில் ஆயிரம் தடவை கேட்ட சத்தம்.

“அட கூறுகெட்ட பயலே!” என்று தன்னைத்தானே சத்தம் போட்டுத் திட்டிக்கொண்டார். அந்த ஆர்கன் நடுங்கவே இல்லை. அதன் ஓசையை எதுவோ சுற்றிச் சுற்றி வீசுகிறது! பெட்டியைத் திருகி என்ன பிரயோஜனம்? ஒலிபெருக்கியின் வாயில் அல்லவா சுற்றலை வைக்க வேண்டும்!

நேராக வீட்டுக்குப் போய்ச் சிவப்பு பிளாஸ்டிக் வாளியைத் தூக்கினார்.

“அத எங்க கொண்டுட்டுப் போறிய? நேத்து வாங்குன வாளி!” ஹம்னா வழிமறித்தாள்.

“இதோட பக்கவாட்டுல ஒரு சன்னல் வெட்டப் போறேன். வாளி போனா வேற வாளி வாங்கலாம்ளா. நாற்காலி போனா?”

ஹம்னா வழிவிட்டாள். “சரி, வெட்டுங்க. மறுபடி ஆடு கத்துச்சுன்னா, வாளிய ஒட்டித் தரணும்.”

பக்கங்கள் திறந்த மரப்பெட்டி ஒன்றின் கூரையில் விசிறி மோட்டாரைத் தொங்கவிட்டார். அதன் அடியில் வாளியைக் குப்புறக் கவிழ்த்துத் திருகாணி போட்டு இறுக்கினார். வாளியின் வாய்க்கு நேர் கீழே ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்க்க வைத்தார். ஓசை மேலே ஏறி வாளிக்குள் புகுந்து, சன்னல் வழியாகச் சுற்றிச் சுற்றி வெளியேற வேண்டும். ஆனால் இறக்கைகளைக் கழற்றிய மோட்டார் ரெகுலேட்டருக்கு அடங்காமல் ஒரே ஓட்டமாக ஓடியது. வேறு யாராவது என்றால் அங்கேயே தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பார்கள். சிராஜோ காயில் கட்டுகிறவர். எதிர்க்கக் காற்று இருந்தால்தான் விசிறி அடங்கும் என்று அவருக்குத் தெரியும். இறக்கைகளைச் சாண் நீளத்துக்கு அறுத்து மறுபடி மாட்டினார். அடங்கியது.

சனிக்கிழமை மத்தியானம் கல்லூரி அரங்கில் மரப்பெட்டியை இறக்கியதும் அண்ணாச்சி சுற்றிவந்து பார்த்தார்.

“என்னவே இது, கோழிக்கூடா?”

“கேட்டுட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி.”

மதுரை சிவகணேஷ் தன் புது கீபோர்டோடு முதல் வரிசையில் தயாராக உட்கார்ந்திருந்தார். அவரைப் பார்த்ததும் சிராஜ், உண்மையைச் சொன்னால் என்ன, பயந்துதான் போனார். ஆனால் விரல் கட்டையில் பட்டதும் பயம் போன இடம் தெரியவில்லை.

ரெகுலேட்டர் ஒன்றாம் எண்ணில் இருந்தது. ஆர்கன் உறுமியது, வாளிக்குள் பைய அசைந்தது. பாட்டின் நடுவில் இடது கையால் ரெகுலேட்டரை ஐந்துக்குத் தள்ளினார். வாளி சட்டென்று பறந்துவிடவில்லை. கனம் இருக்கிறதே! மெல்ல மெல்ல வேகம் பிடித்தது. கூடவே ஓசையும் எழும்பி எழும்பி, கடைசியில் அரங்கு முழுக்கக் கிறுகிறுவென்று சுழன்றது. மாணவர்கள் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்கள். முதல் வரிசையில் சிவகணேஷ் எழுந்து நின்று, கையைத் தலைக்கு மேல் தூக்கித் தட்டினார். பிறகு மேடைக்குப் பின்னால் வந்து, பெட்டிக்குள் எட்டிப் பார்த்து, “வாளியாண்ணே?” என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

கைதட்டல் அடங்கியதும் பிருந்தா மேடையோரம் வந்தாள். “எப்படிண்ணே சுத்த வச்சீங்க?”

சிராஜ் மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அவளுக்கு மட்டும் காதோடு சொல்லியிருக்கலாம். ஊரறிய அளந்ததை ஊரறியத்தான் திருப்பி எடுக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டது.

“கேசட் இழுக்கல, தாயி. பத்து வருசமா நான்தான் தப்பாக் கேட்டிருக்கேன்.”

அரங்கு சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அடுத்த பாட்டுக்குச் சிவகணேஷுக்கு இடம் மாற்ற வேண்டியிருக்கும் என்று அண்ணாச்சி முன்பே சொல்லிவைத்திருந்தபடி, மேடைக்காரர் ஒருவர் வந்து கீபோர்டுக்குப் பின்னால் இருந்த நாற்காலியில் கை வைத்தார். சிவசண்முகம் அண்ணாச்சி குறுக்கே போனார்.

“கைய எடும்வே. அது சிராஜோட நாற்காலி.”