ஜன்னலடியில் எழுபது

சண்டை முடிந்து, குண்டு விமானங்களுக்குப் பயந்து ஜன்னல் கண்ணாடிகளில் ஒட்டியிருந்த கறுப்புக் காகிதத்தை மாதுங்கா முழுவதும் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்த சமயம். எங்கள் கூடத்து ஜன்னலில் மட்டும் அது அப்படியே இருந்தது. அத்தைக்குக் கல்யாணம் ஆகட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

அத்தை முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு. முந்தின வரன் அந்த மங்கலில் பார்த்துச் சம்மதித்தது. மறுவாரம் கிங்ஸ் சர்க்கிள் காய்கறிக் கடையில், நல்ல வெயிலில், அத்தையைப் பார்த்த பிள்ளையின் அம்மா பேச்சை முறித்துக்கொண்டாள். இன்னொரு முறை அப்படி நடந்தால் வேறு வரனே வராது என்று அப்பா பயந்தார்.

தாணேயிலிருந்து அடுத்த வரன் வருகிற ஞாயிற்றுக்கிழமை, சித்தப்பா தம் கம்பெனி மீட்டரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மில்களுக்கு விளக்கு மாட்டும் கம்பெனி அது. தறியின் மேல் விழும் வெளிச்சம் போதுமா என்று அளந்து சொல்வது அவர் வேலை. உள்ளங்கை அகலக் கறுப்புப் பெட்டி. மேலே வட்டக் கண்ணாடி, கீழே முள். பாட்டரி கிடையாது. வெளிச்சம் பட்டாலே முள் ஓடும்! எனக்குத் தலைகால் புரியவில்லை. கட்டிலுக்கடியில் வைத்தேன், அசையவில்லை. அப்பாவின் வழுக்கையில் வைத்தேன், இருபது.

சித்தப்பா அதைப் பிடுங்கி, அத்தை முகம் வரும் உயரத்தில் பிடித்துக்கொண்டு கூடம் முழுக்க அளந்தார். ஜன்னலைத் திறந்தால் அதனடியில் எழுபது. மூடிவிட்டு விளக்கைப் போட்டால் அலமாரி ஓரம் எட்டு.

“எட்டு போதும். முகம் தெரியும், தழும்பு தெரியாது. போன தடவை ரெண்டுகூட இருந்திருக்காது. அதான் ஏமாத்திட்டதா நினைச்சுண்டா.”

“தறிக்கு எவ்வளவு வேணும், சின்னண்ணா?” என்று கேட்டாள் அத்தை.

“பதினைஞ்சு.”

“அப்போ நான் தறியிலே பாதி.”

மாலையில் பிள்ளையும் அவர் அம்மாவும் வந்து வாசற்பக்கம் உட்கார்ந்தார்கள். ரேஷன் சர்க்கரையைச் சேர்த்துவைத்துக் கிளறிய கேசரி பரிமாறப்பட்டது. காபி கொண்டுவந்து நமஸ்கரித்த அத்தை, அலமாரிப் பக்கம் போகவில்லை. நேரே போய் ஜன்னலை விரியத் திறந்து, அதனடியில் உட்கார்ந்தாள். சித்தப்பா இருமினார். மேற்கு வெயில் பக்கவாட்டில் விழுந்து ஒவ்வொரு தழும்பையும் தனித்தனியே எடுத்துக் காட்டியது.

எனக்கோ ஒரே குஷி. மீட்டரை அத்தை கன்னத்தருகே பிடித்து, “எழுபத்தஞ்சு!” என்று கத்தினேன். அம்மா முறைத்தாள்.

“கண் கூசாதோ? சாத்திக்கலாமே,” என்றாள் பிள்ளையின் அம்மா.

“இருக்கட்டும் மாமி. நாளைக்குக் கடைத்தெருவிலே பார்க்கப்போறதை இன்னிக்கே பார்த்துடுங்கோ.”

பிள்ளை சிரித்துவிட்டார். “எனக்கு எவ்வளவுன்னு பாரேன், குழந்தே.”

ஓடினேன். “ஆறுதான், மாமா!”

“ஆறிலே எனக்கு ஒண்ணுமே தெரியலைடி,” என்று அத்தை என்னிடம் சொன்னாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “மாமாவை இப்படி வந்து உக்காரச் சொல்லு.”

அவர் நாற்காலியைத் தாமே தூக்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தார். காதோரம் நரைத்திருந்தது, அதுவரை எங்களில் யாருக்கும் அது தெரியவில்லை. அத்தை நிதானமாகப் பார்த்தாள். அவர் காலரைச் சரிசெய்துகொண்டார். மீட்டரில் முள் எழுபதைத் தாண்டியது, நானும் குதித்தேன்.

அத்தை எழுந்து உள்ளே போனதும், அவர் தம் அம்மா காதில் ஏதோ சொன்னார். “எங்களுக்குப் பூர்ண சம்மதம்,” என்றாள் அவள்.

அப்பா சமையலறைக்கு ஓடினார். “சரின்னுட்டா!” அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“நான் இன்னும் சொல்லலையே, அண்ணா,” என்றாள் அத்தை.

குழாயடியில் உட்கார்ந்து டம்ளர்களை ஒவ்வொன்றாகத் துலக்கினாள். வந்தவர்கள் கூடத்திலும் நாங்கள் சமையலறை வாசலிலுமாகக் காத்திருந்தோம். கடைசி டவராவையும் கவிழ்த்துவைத்துவிட்டு, “எனக்கும் சரின்னு போய்ச் சொல்லு,” என்றாள் என்னிடம்.

பார்க்க வந்தவர்களே சம்மதித்துவிட்ட பிறகு, இவள் தனியாக வேறு எதற்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு விளங்கவே இல்லை.