கழற்றிய மாலை

பதின்வயதுப் பிள்ளைகளுக்காக நான் எழுதிய முதல் மாயக்கதை நாவல் 2001 மார்ச்சில் வெளிவந்தது. எண்ணூர்க் கடலில் ஒரு மீனவரைக் கடல்நாகம் இழுத்துச் செல்லும். உடல் கிடைக்காது. கடைசிப் பக்கத்தில் மகள் அவர் படத்துக்கு மாலை போடுவாள்.

ஜூலையில் ராயபுரத்தில் ஒரு நூலகத்தில் வாசகர்களைச் சந்தித்தேன். ஒரு பள்ளி மாணவி தாயோடு வந்தாள்.

"அக்கா, பாடி கெடைக்கலன்னு நீங்களே எழுதிக்கீறீங்க. அப்புறம் இன்னாத்துக்கு மாலை போட்டீங்க?"

தாய் அவள் கையைப் பிடித்து இழுத்தார். "கதைதான அது?" பிறகு என் பக்கம் திரும்பினார். "தப்பா நெனைக்காதம்மா, வூட்லயும் இதையேதான் பேசிக்கினு கீது." அவர் நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

"எங்க நைனா கடலுக்குப் போயி ரெண்டு வருசமாச்சு," என்றாள் மகள். "நாங்க இன்னும் போடல."

நாகத்தின் செதில்களைப் பற்றி மாதக்கணக்கில் யோசித்த நான், அந்த மாலையைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசித்ததில்லை.

நாவலின் இரண்டாம் பாகத்தில் அந்த மீனவரைக் கரைசேர்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்தப் பெண்ணுக்கு அப்படி வாக்குக் கொடுக்க நான் யார்? ஆனால் முதல் வரியிலேயே மீனவரின் மகள் நாற்காலி மேல் ஏறி, படத்திலிருந்த மாலையைக் கழற்றினாள்.