குட்டி ஆளுங்க கொடுத்த அப்பம்

நந்திதுர்க் தங்கச் சுரங்கத்தில் ஷிப்டு முடிந்து வந்ததும் அப்பா தலைப்பாகை முடிச்சை அவிழ்ப்பார். உள்ளே எனக்காக, இறைச்சி வைத்துச் சுட்ட அப்பத்தின் தடித்த ஓரம் ஒன்று இருக்கும். சுரங்கத்தின் அடியில் வாழும் குட்டி ஆளுங்க கொடுத்தனுப்பியதாம். முழங்கால் உயரந்தானாம். பாறையைத் தட்டித் தட்டித் தங்கம் இருக்கும் இடத்தைக் காட்டுவார்களாம். அதற்காகவே வெள்ளைக்கார துரை தன் சாப்பாட்டு அப்பத்தின் ஓரத்தைக் கிள்ளிப் பாறை இடுக்கில் அவர்களுக்கு வைப்பாராம். தேவதூதரை நம்பியது போலவே அவர்களையும் நம்பினேன். ஜெபத்தில்கூடச் சேர்த்துக்கொண்டேன்.

நாங்கள் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற குடும்பம். ஓர் ஆடி மாதம், அடுத்து வரும் ஞாயிறன்று அப்பா முதன்முதலாகத் தேவாலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தில் சேர இருந்தார். அது பற்றிப் பேச உபதேசியார் வீட்டுக்கு வந்திருந்தபோது, பக்கத்து வீட்டு அத்தை ஆடிக் கூழோடு வாசலில் வந்து நின்றார்.

"படைச்சத நாங்க தொடறதில்லீங்க," என்றார் அம்மா, உபதேசியார் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "குட்டி ஆளுங்களுக்குத் தொரை படைக்கிறத நான் தெனம் துன்றேனே!"

அத்தை இடுப்பில் கை வைத்தார். "இன்னாம்மா இது? வெள்ளக்காரன் பேய்க்கு வெச்சா துன்னலாம், நான் மாரியாத்தாளுக்கு வெச்சா தீட்டா?"

"நெசமாப்பா?" என்று அப்பாவிடம் கேட்டார் உபதேசியார்.

அப்பா தலையைத் தூக்கவில்லை. "தொரை அந்தாண்ட போனதும் எடுத்துக்குவேங்க. புள்ள பசின்னு அழுவுது."

அத்தையின் கை இடுப்பிலிருந்து நழுவியது. உபதேசியார் மட்டும், "இந்த ஞாயித்துக்கெழம வேணாம், அப்புறம் பாப்போம்," என்று எழுந்து போனார்.

ஞாயிறன்று தேவாலயத்தில் மற்றவர்கள் திருவிருந்துக்கு எழுந்து முன்னால் போக, அப்பா கடைசி வரிசையிலேயே உட்கார்ந்திருந்தார். எல்லோரும் என் வாயையே பார்ப்பதுபோல் கூசிற்று. வீட்டுக்கு வந்து சாம்பல் போட்டு ஈறு எரியும்வரை பல்லைத் தேய்த்தேன். அதன்பின் தலைப்பாகையில் எதுவும் வரவில்லை. குட்டி ஆளுங்களுக்கு என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஆடியில் அத்தை விடிந்தும் விடியாததுமாக வந்தார். "கோயிலுக்குத் தூக்கறதுக்கு முன்னாடியே மொண்டுட்டேன். இன்னும் படைக்கல. புள்ளைக்கு ஊத்து."

அம்மா சொம்பை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கூழில் உப்பு போதவில்லை என்று நான் முகம் சுளித்தேன். தன் மாரியாத்தாளுக்குப் படைக்கும் முன்னே எங்களுக்கு ஊற்றிவிட்டு, அந்த மனுஷி கோயிலில் என்ன சொல்லிக் கும்பிட்டிருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவே இல்லை.