அக்காவைப் பேச விடாத என் வாய்

எனக்குத் தேனியில் வேலை. பெண்கள் விடுதியில் தங்கியிருக்கிறேன். தினமும் சாயங்காலம் கம்பத்திலிருக்கும் அக்காவுக்குப் போன் போடுவேன். போட்டதும் புலம்பல்தான். விடுதித் தோசை ரப்பர், பஸ்ஸில் இடமில்லை, மேனேஜர் சிடுமூஞ்சி, ஆடிக்காற்றில் கண்ணெல்லாம் மண். கொட்டி முடித்ததும் மனசு லேசாகிவிடும், போனை வைத்துவிடுவேன்.

ஒரு நாள் மதியம் சாப்பிட வெளியே வந்தால், ஆபீஸ் பக்கத்து ஸ்கேன் சென்டர் வாசலில், கம்பத்தில் இருக்க வேண்டிய அக்கா தனியாக உட்கார்ந்திருக்கிறாள்! பதறி ஓடினேன்.

“மார்புல கட்டி மாதிரி இருக்குடி. ரிப்போர்ட்டுக்கு உக்காந்திருக்கேன். ஒங்க மாமா ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போயிருக்காக.”

“நேத்துக்கூடப் பேசினோமேக்கா! ஏன் சொல்லல?”

“எங்கன சொல்ல? தோசைக் கதையவே நீ முடிக்கலையேடி.”

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்தக் கை சில்லென்றிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். “சாதாரணக் கொழுப்புக் கட்டிதாம்மா, பயப்பட ஒண்ணுமில்ல” என்றார் டாக்டர். வெளியே வந்து இருவரும் அழுதோம். பிறகு வயிறு முட்டப் பரோட்டா தின்றோம்.

இப்போதெல்லாம் போனை எடுத்ததும், “நீ சொல்லுக்கா” என்கிறேன். முதலில், “சொல்ல என்ன இருக்கு?” என்று மழுப்பினாள். இப்போது மாமியார், மோட்டார், பக்கத்து வீட்டுக் கோழி என்று பொழிந்து தள்ளுகிறாள். நேற்று நடுவில் நிறுத்தி, “ரொம்பப் புலம்புறேனோடி?” என்று கேட்டாள்.

“இல்லக்கா, சொல்லு” என்றேன். எனக்கு அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தால் போதும்.