எந்தப் படிப்புக் கஷ்டம்

பெர்கன் நகரில் நான் வேலை செய்யும் அலுவலகத்தில் யாராவது கேக் கொண்டுவந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கும். பிறந்தநாள், புது வீடு, பேரப்பிள்ளை என்று ஏதாவது. சென்ற மாசியில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு அறையில் பெரிய கேக் ஒன்று இருந்தது. கொண்டுவந்தவர் எனக்கு எதிர் மேசையில் இருப்பவர். அவருடைய பெயரை இங்கே ‘ஷெல்’ என்று உச்சரிக்கிறார்கள். வன்னியில் ஷெல் குண்டுகளுக்கு நடுவே வளர்ந்தவன் அந்தச் சொல்லை ஒரு மனிதரை அன்பாகக் கூப்பிடுவதற்குப் பயன்படுத்தப் பழகச் சில மாதங்கள் எடுக்கும், எனக்கும் எடுத்தது. அவருடைய மகள் மருத்துவப் படிப்பை இரண்டாம் வருடத்தோடு விட்டுவிட்டாளாம். தச்சு வேலை பழகப் போகிறாளாம். அதற்குத்தான் கேக். ஒவ்வொருவராக அவருடைய கையைப் பிடித்து ‘கிராத்துலேரர்’ என்றார்கள். வாழ்த்துகள் என்று அர்த்தம். என் முறை வந்தபோது நான் ‘கொண்டோலேரர்’ என்றேன். அது செத்தவீட்டில் சொல்லும் சொல். அறை முழுவதும் சிரித்தது. பக்கத்தில் நின்ற பெண், இரண்டு சொற்களும் ஒரே மாதிரி ஒலிப்பதால் வெளிநாட்டவர் பலர் விடும் பிழைதான் இது என்று ஆறுதலாகத் திருத்தினாள். நானும் சேர்ந்து சிரித்தேன். நான் சொல்லை மாற்றிச் சொல்லவில்லை என்பதை அவர்களுக்கு எப்படி விளங்கப்படுத்துவது என்று தெரியவில்லை.

எங்கள் வீடு வன்னியில், ஒட்டுசுட்டானிலிருந்து உள்ளே, முத்தையன்கட்டு வாய்க்கால் ஓரத்தில் இருக்கிறது. அப்பாவின் தகப்பன் குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வடமராட்சியிலிருந்து வந்தவர். அப்பா இன்றைக்கும் நெல் விதைக்கிறார். யானை விட்டுவைத்ததை அறுக்கிறார். பிள்ளைகள் நாங்கள் இரண்டு பேர். தங்கை துளசி என்னைவிடப் பத்து வயது இளையவள். போர் முடிந்து நான் முகாமிலிருந்து வெளியே வந்த அடுத்த வருடம், தறப்பாள் கூடாரத்தின் கீழ் இருந்து படித்து, இரண்டாம் தடவையில் பொறியியலுக்கு எடுபட்டேன். படித்தது தெற்கில். முடித்த கையோடு கலியாணமாகி நோர்வேக்கு வந்துவிட்டேன். சில வருடங்கள் கழித்துத் துளசிக்கு மருத்துவம் கிடைத்தது. அந்தச் செய்தியைச் சொல்லும்போது அம்மா தொலைபேசியில் அழுதார். அப்பா பக்கத்தில் நின்று செருமும் சத்தம் கேட்டது.

எங்கள் மாவட்டம் பின்தங்கியது என்பதால் பல்கலைக்கழகத்துக்கு எடுபடும் வெட்டுப்புள்ளி மற்ற இடங்களைவிடக் குறைவு. அதனால் முதல் மாதத்திலேயே விடுதியில் யாரோ துளசிக்குக் கேட்கும்படியாக “கோட்டாவில வந்ததுகள்” என்று சொல்லியிருக்கிறார்கள். அதை எனக்குச் சொன்னாள். “எங்களையும் சொன்னவங்கள். காதில விழுத்தாத,” என்றேன். இரண்டாம் வருடச் சோதனையில் உடற்கூற்றியலில் தவறி, மறுபடி எழுதிச் சித்தியடைந்தாள். மூன்றாம் வருடத்தில் வார்ட்டுக்குப் போகத் தொடங்கியபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை அழைத்தாள்.

“அண்ணா, எனக்கு ஏலாமக் கிடக்கு.”

“என்ன ஏலாது?”

“படிக்கிறன், நிக்குதில்லை. வைவாவில, கேள்வி கேக்கேக்க, வாய் கட்டிப்போகுது. மெடிசின் எனக்குச் சரிவராதோ எண்டு நினைக்கிறன்.”

அந்த நேரத்தில் நான் அவளிடம் இன்னும் இரண்டு கேள்விகள் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. பொறியியல் எவ்வளவு கஷ்டம் என்று சொல்லத் தொடங்கினேன். பாய்மப் பொறியியலில் பாதிப் பேர் விழுந்ததையும், விடிய எழும்பி வரைபடம் கீறியதையும், ஆங்கிலம் தெரியாமல் முதல் அரையாண்டு முழுவதும் கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு இருந்ததையும் சொன்னேன். “மெடிசின் மட்டும்தான் கஷ்டம் எண்டு நினைக்காத. எல்லாப் படிப்பும் உப்பிடித்தான்,” என்றேன். என் மனைவி இங்கே சட்டம் படித்தவள். அவளும் குசினிக்குள் நின்றபடி, சட்டப் புத்தகங்களைத் தூக்கிப் பார்த்தால் தெரியும் என்று சொன்னாள். பேச்சு பகிடியாக முடிந்தது. துளசியும் சிரித்த மாதிரித்தான் எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவில்லை. எப்படிப் போகுது என்று கேட்டால் “போகுது அண்ணா” என்பாள். நான் சொன்னது வேலை செய்திருக்கிறது என்று நினைத்தேன்.

உண்மையில் அவள் அடுத்த மாதத்திலிருந்து வகுப்புக்குப் போகவில்லை. விடுதியை விட்டு ஓர் அறை எடுத்துத் தனியே இருந்திருக்கிறாள். விடுமுறைகளுக்கு வீட்டுக்கு வருவாள். வெள்ளைக் கோட்டை அம்மா தோய்த்து, மடித்து, பையில் வைத்து அனுப்புவார். வந்து நிற்கும் நாட்களில் அயலவர்கள் மருந்துத் துண்டுகளோடும் புண்களோடும் எங்கள் முற்றத்துக்கு வருவார்கள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருப்பவர் இராமையா. அவருடைய ஆட்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்து கலவரத்தில் அடிபட்டு இங்கே வந்தவர்கள். அவர் துளசியை ‘டாக்டரம்மா’ என்றுதான் கூப்பிடுவார்.

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓடியது. அறுவடை நெருங்கிய ஒரு காலையில் இராமையா நொண்டிக்கொண்டு வந்தார். மண்வெட்டி பட்டுக் கால் பெருவிரலில் காயம். அவருக்குச் சீனி வருத்தம், நீரிழிவு, புண் இலேசில் ஆறாது. துளசி துணியை அவிழ்த்துப் பார்த்தாள். விரல் கறுத்து, கெட்ட மணம் வரத் தொடங்கியிருந்தது. அங்கே நடந்ததை அம்மா பிறகு எனக்குச் சொன்னார். இராமையாவும் சொன்னார்.

“மாமா, இண்டைக்கே பெரியாஸ்பத்திரிக்குப் போகவேணும்,” என்று துளசி சொன்னாள்.

“அறுப்பு முடியட்டும் தாயி. நீங்க மருந்து வச்சுக் கட்டி விடுங்க. நம்ம டாக்டரம்மா இருக்கையில நான் எதுக்கு அங்க போய்க் கெடக்கணும்?”

“நான் டொக்டர் இல்லை.”

“ஆகப் போறவங்கதானே.”

“இல்லை மாமா. ஒரு வருஷத்துக்கு மேல நான் வகுப்புக்குப் போகேல்ல. சோதினையும் எடுக்கேல்ல. எல்லாருக்கும் பொய் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான். என்னை நம்பி இருந்தா உங்கட கால் போயிடும். எழும்புங்கோ.”

அப்பா பின்னால் சாக்குகளை உதறிக்கொண்டு நின்றவர். அம்மா குசினி வாசலில். அப்பா சாக்கைக் கீழே போட்டார். உழவு இயந்திரத்தில் இழுவைப் பெட்டியைப் பூட்டினார். இராமையாவைத் தூக்கி ஏற்றிச் சந்திவரை கொண்டுபோனார். அங்கிருந்து வாகனம் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், துளசியும் கூடப் போனாள். அன்று மாலையே விரலை எடுத்தார்கள். இரண்டு நாள் பிந்தியிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்று அங்கிருந்த மருத்துவர் சொன்னாராம். அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்ததும் துளசியோடு பேசுவதை நிறுத்திவிட்டார்.

அம்மா எனக்குத் தொலைபேசி எடுத்தபோது ஒரே வசனத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். “தம்பி, ஊருக்கு என்னத்தச் சொல்லுறது?” நான் துளசியைக் கூப்பிடச் சொன்னேன். அவள் வந்து காதில் வைத்ததும், என்ன நடந்தது என்றுகூடக் கேட்காமல், “நீ வீணாக்கினது உன்ர இடம் மட்டுமில்லை. எங்கட மாவட்டத்து இன்னொரு பிள்ளையின்ர இடம்,” என்றேன். “ஓம் அண்ணா,” என்றாள். அந்த ‘ஓம்’ பல நாட்கள் என்னைத் தொந்தரவு செய்தது. ஒரு மனிதரின் காலைக் காப்பாற்றத் தன்னுடைய பெயரை முற்றத்தில் போட்டு உடைத்தவளிடம் நான் கோட்டாக் கணக்குக் கேட்டிருக்கிறேன்.

ஆடியில் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வீட்டில் மூன்று பேரும் மூன்று நேரத்தில் சாப்பிட்டார்கள். முற்றத்துக்கு ஒருவரும் வருவதில்லை. இரண்டாம் நாள் பின்னேரம் துளசியைக் கூட்டிக்கொண்டு குளக்கட்டில் நடந்தேன். என்னிடம் ஒரு பேச்சு தயாராக இருந்தது. படிப்புகளை ஒப்பிட்டு, மருத்துவம் ஏன் மற்றவற்றைவிடப் பாரமானது என்பதை நான் இப்போது ஒத்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்திருந்தேன். அதைச் சொல்லவும் செய்தேன். பொறியியலில் ஒரு சூத்திரத்தை மறந்தால் காகிதத்தில் திரும்பக் கண்டுபிடிக்கலாம். ஒரு நரம்பின் பெயரை மறந்தால் எதிலிருந்தும் அதை வரவைக்க ஏலாது என்றேன். அவள் நின்று என்னைப் பார்த்தாள்.

“எது கஷ்டமெண்டு நான் கேக்கேல்ல அண்ணா. உங்கட படிப்பில பிழை விட்டா அது பேப்பரில இருக்கும். எங்களுக்குக் கட்டிலச் சுத்திப் பத்துப் பேர் நிப்பினம். நடுவில ஒரு மனுசி உடுப்புத் திறந்தபடி படுத்திருப்பா. என்னைத்தான் கேப்பினம். எனக்கு விடை தெரியும். இங்கிலிசில வராது. நான் முழுசிக்கொண்டு நிக்க, அந்த மனுசி என்னைப் பாத்து, பாவம் பிள்ளை எண்டு சொன்னவா. அதுக்குப் பிறகுதான் போகேலாமப் போனது. அண்டைக்கு இதத்தான் உங்களுக்குச் சொல்ல எடுத்தனான். நீங்கள் உங்கட கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கிட்டீங்கள். முகாமில இருந்து வந்து படிச்ச ஆளுக்கு முன்னால இதையெல்லாம் ஒரு கஷ்டமெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

அதுவரை ஒருவருக்கும் சொல்லாத ஒன்று என்னிடம் இருந்தது. அதைச் சொன்னேன். இரண்டாம் வருடம் மூன்று பாடங்களில் விழுந்தபின் நான் பையைக் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்குப் போனவன். வவுனியா பஸ்கள் ஒவ்வொன்றாகப் போக, ஏறவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் மத்தியானம் வரை வாங்கில் இருந்தேன். காலி நகரிலிருந்து வந்த நுவன் என்ற சிங்களவன் என் அறைத்தோழன். தேடிக்கொண்டு வந்தவன், பக்கத்தில் இருந்து, அரைகுறை ஆங்கிலத்தில், “பஸ் நாளைக்கும் இருக்கு. நாளைக்குப் போ,” என்றான். அடுத்த நாளும் அதையே சொன்னான். பிறகு ஒவ்வொரு பின்னேரமும் படம் கீறிக் கீறி எனக்குப் பாடம் சொல்லித் தந்தான். அவன் இல்லாவிட்டால் நான் பொறியியலாளன் இல்லை. வீட்டில் நான் எப்போதும் சொன்ன கதையில் தறப்பாள் இருந்தது, கரும்பலகை இருந்தது. நுவன் மட்டும் இருக்கவில்லை. தனியாக நீந்திக் கரையேறியவனாக இருப்பதற்கு எனக்கு விருப்பமாக இருந்திருக்கிறது.

“இதை முதலே சொல்லியிருக்கலாம்,” என்றாள் துளசி. கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

அவள் கிளிநொச்சியில் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தாள். அவருடைய கடிதத்தோடு மருத்துவ பீடத்துக்கு எழுதியதில், இரண்டு வருடம் இளையவர்களோடு சேர அனுமதி கிடைத்தது. போவதா விடுவதா என்று அவள் முடிவெடுக்க ஒரு மாதம் பிடித்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எனக்கு எளிதாக இருக்கவுமில்லை. புறப்பட்ட அன்று அப்பா தானே மோட்டார் சைக்கிளில் பையைக் கட்டி அவளைச் சந்தியில் கொண்டுபோய் விட்டார். பஸ் வந்தபோதுதான் மாதக்கணக்கில் பேசாதிருந்தவர் வாய் திறந்தார். “ஏலாட்டி வீட்ட வா,” என்றாராம். அவ்வளவுதான். துளசி அதை எனக்கு இரண்டு தடவை சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து அப்பா எங்களுக்கு அப்படிச் சொன்னதில்லை. இப்போது அவள் மறுபடி வார்ட்டில் நிற்கிறாள். ஒரு வைவாவில் தப்பினாள், ஒன்றில் விழுந்தாள். முடிப்பாளா என்று தெரியாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறாள், நான் கேட்கிறேன். என் வாய்க்குள் ஒரு பொறியியல் கதை அடிக்கடி வந்து நிற்கும். விழுங்கிவிடுவேன்.

இங்கே தமிழர் ஒன்றுகூடல்களில் இன்றைக்கும் பிள்ளை என்ன படிக்கிறது என்றுதான் முதற்கேள்வி. இங்கே மருத்துவத்துக்கு இடம் கிடைக்காத பிள்ளைகளைப் போலந்துக்கு அனுப்பிப் படிப்பிக்கிறோம். அங்கிருந்து அவர்கள் ‘போகுது’ என்று சொன்னால் நிம்மதியாகத் தொலைபேசியை வைக்கிறோம். அந்த ஒரு சொல்லை நம்பவேண்டாம் என்று மட்டும் என்னைப்போல வெளியில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தோன்றுகிறது. அதைச் சொல்லும் தகுதி எனக்கு எவ்வளவு என்பதும் எனக்குத் தெரியும்.

சென்ற கிழமை என் மகள், இரண்டாம் வகுப்புப் படிப்பவள், சாப்பாட்டு மேசையில், தான் பெரியவளானதும் நகர ரயில் ஓட்டப்போவதாகச் சொன்னாள். டொக்டர் வேலை வேண்டாமாம், இரத்தம் பிடிக்காதாம். எங்கள் வாசலால் அந்த ரயில் ஆறேழு நிமிடத்துக்கு ஒருமுறை போகும். ஓட்டுகிற பெண் இவளுக்குக் கை காட்டுவாள். “தெத் கோர் பிரா,” என்றேன் நான். பரவாயில்லை, நல்லது என்று இந்த நாட்டில் எல்லோரும் எதற்கும் சொல்வது. எந்தத் தடங்கலும் இல்லாமல் வந்தது. அவள் கரண்டியை வைத்துவிட்டு என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“அப்பா, அதைத் தமிழில சொல்லுங்கோ.”

நான் வாயைத் திறந்தேன், தமிழில் அது அப்படி இலேசாக வரவில்லை. மனைவி என்னைப் பார்த்தாள். வெளியே ரயில் ஒன்று போனது. மகள் இன்னும் பார்த்துக்கொண்டிருந்தாள்.